வலமா இடமா, மேலா கீழா

செங்கல்பட்டில் நாங்கள் போன ஸ்கேன் சென்டரின் சுவரில் ஒரு பலகை இருந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்பட மாட்டாது, தெரிவிப்பது சட்டப்படி குற்றம் என்று பெரிய எழுத்தில். அந்தப் பலகைக்கு நேர்க்கீழே உட்கார்ந்துதான் என் தங்கச்சியின் மாமியார் ரிப்போர்ட்டைப் பிரித்தார். அத்தைக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் எந்த வரியைத் தேட வேண்டும் என்பது நன்றாகத் தெரியும்.

"ப்ளசென்டான்னு ஒண்ணு போட்டிருக்கும் பாரு தம்பி. அது முன்பக்கமா, பின்பக்கமா?"

"பின்பக்கம்னு போட்டிருக்கு அத்தை."

"அப்ப பையன்தான்."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு ஆயா குறுக்கிட்டார். "முன்ன பின்னன்றதெல்லாம் இல்லம்மா. வலப்பக்கமா இடப்பக்கமான்னு பாக்கணும். வலப்பக்கம் ஒட்டியிருந்தா பையன், இடப்பக்கம்னா பொண்ணு. எங்க காலத்துலயே சொல்லுவாங்க."

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்க, நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதே வரியில் இன்னொரு சொல்லுக்குக் கீழே டாக்டர் பேனாவால் கோடு போட்டிருந்தார். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது, கனமாக எதையும் தூக்க வேண்டாம், பஸ்ஸில் தூரமாகப் போக வேண்டாம், வலியே இல்லாமல் ரத்தம் பட்டாலும் உடனே வந்துவிட வேண்டும் என்று தங்கச்சியிடம் சொல்லியும் அனுப்பியிருந்தார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது "பின்பக்கம்" மட்டும்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கோடு போட்ட சொல் யார் மனதிலும் நிற்கவில்லை. என் மனதிலும்தான்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது. அதை நாம் ஏன் தப்பாகவே படிக்கிறோம் என்பதைப் பற்றியது.

*

அந்த ஆயா சொன்னதற்கு மிக அருகிலேயே ஒரு சாட்சி உண்டு. மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்களில் உயரமானது தர்மராஜ ரதம். அதன் கீழ்த்தளத்து மாடம் ஒன்றில் அர்த்தநாரி நிற்கிறார். வலப்பாதி சிவன், இடப்பாதி உமை. இடப்பக்கம் மட்டும் மார்பு, இடப்பக்கம் மட்டும் இடுப்பின் வளைவு. ஏழாம் நூற்றாண்டில் அதைச் செதுக்கிய சிற்பிக்கு எந்தப் பக்கம் ஆண், எந்தப் பக்கம் பெண் என்று யோசிக்கவே வேண்டியிருந்திருக்காது. பார்க்கிறவர்களுக்கும் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். வலம் ஆண், இடம் பெண். கோயிலில் மட்டுமா, கல்யாண மேடையிலும் தாலி ஏறிய பிறகு மனைவியை இடப்பக்கம் மாற்றித்தானே உட்கார வைக்கிறோம்.

கல்லில் நிற்கும் இந்தக் கணக்கை வயிற்றுக்குள்ளேயும் கொண்டுபோய் வைத்தார்கள். சுஸ்ருத சம்ஹிதையில் அதற்கு ஒரு பட்டியலே உண்டு. கர்ப்பிணிக்கு வல மார்பில் முதலில் பால் கண்டால், வலக்கண் சற்றுப் பெரிதாகத் தெரிந்தால், நடக்கும்போது வலக்காலை முதலில் எடுத்து வைத்தால் ஆண் குழந்தை. திருமூலரோ கணக்கை மூச்சுக்கு மாற்றுகிறார். திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக் கிரியை என்ற பகுதி இருக்கிறது. கூடும் நேரத்தில் மூச்சு வலப்பக்கம் ஓடினால் ஆண், இடப்பக்கம் ஓடினால் பெண், இரண்டும் சமமாக ஓடினால் மூன்றாம் பாலினம் என்கிறார். 'ரெண்டும் இல்லாததும்' பிறக்கும் என்று கணக்கில் இடம் விட்டிருப்பதற்காகவே எனக்கு அந்தப் பாடல் பிடிக்கும்.

இது நம் ஊர் நம்பிக்கை மட்டும் என்று நினைத்திருந்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, கடல் தாண்டியும் இதே கதை. கிறிஸ்துவுக்கு ஐந்து நூற்றாண்டு முன்னால் கிரேக்கத்தில் பார்மெனிடிஸ் சொன்னார், கருப்பையின் வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண் என்று. ஹிப்போக்ரடிஸ் பெயரில் வழங்கும் மருத்துவச் சூத்திரங்களிலும் அதுவே இருக்கிறது. அனக்சகோரஸ் கொஞ்சம் மாற்றி, தகப்பனின் வலப்பக்கத்து விதையிலிருந்து வந்தால் ஆண், இடப்பக்கத்திலிருந்து வந்தால் பெண் என்றார். இதை நம்பி, வேண்டிய குழந்தைக்காக ஒரு பக்கத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கூடலாம் என்று சொன்னவர்களும் அங்கே இருந்திருக்கிறார்கள். வலி யாருக்கு என்று யோசித்தால் நியாயமான வைத்தியம்தான்.

*

இந்தக் கணக்கை உடைத்தவர் அரிஸ்டாட்டில். வாதத்தில் அல்ல, கத்தியால். குட்டி போடும் விலங்குகளை அறுத்துப் பார்த்தார். ஆண் குட்டியும் பெண் குட்டியும் கருப்பையின் ஒரே பக்கத்தில் சேர்ந்து கிடப்பதைக் கண்டார். தரையில் வாழ்பவற்றில் மட்டுமல்ல, மீன்களிலும் அப்படித்தான் என்று எழுதி வைத்தார்.

மீன் எப்படிக் குட்டி போடும் என்று நகரத்தில் வளர்ந்தவர்கள் கேட்கலாம். எங்கள் கடற்கரையில் கேட்க மாட்டார்கள். சின்ன வயதில் அம்மாவோடு மீன் வாங்கப் போனபோது பார்த்திருக்கிறேன். மணலில் பலகை போட்டு ஒரு அக்கா பால் சுறாவை அறுத்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு செய்து கொடுப்பார்களே, அந்தச் சுறா. வயிற்றைக் கீறியதும் இரண்டு பக்கமும் இரண்டு பைகள். இரண்டிலும் குட்டிகள். ஒவ்வொரு குட்டியின் மார்பிலிருந்தும் ஒரு கொடி பையின் சுவருக்குப் போனது. அக்கா குட்டிகளைப் புரட்டிப் போட்டு, பின்துடுப்பின் ஓரத்தில் குச்சி மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருந்ததை விரலால் காட்டினார். "இது ஆம்பள." இல்லாததை, "இது பொம்பள." வலது பையிலும் இரண்டும் இருந்தன. இடது பையிலும் இரண்டும் இருந்தன.

அப்போது அது எனக்கு வேடிக்கை. பிறகுதான் தெரிந்துகொண்டேன், சுறாவுக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என இரண்டு கருப்பைகள் உண்டு என்று. வலம் ஆண், இடம் பெண் என்ற கணக்கைச் சோதிக்க அதைவிடப் பொருத்தமான உயிர் கிடைக்காது. சில சுறாக்களில் குட்டியைத் தாயோடு இணைக்கும் நஞ்சுக்கொடி இருப்பதாகவும் அரிஸ்டாட்டில் எழுதியிருந்தார். பல நூற்றாண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1840களில் ஜெர்மானிய அறிஞர் யோஹானஸ் முல்லர் சுறாக்களை அறுத்துப் பார்த்து அவர் சொன்னது சரி என்று காட்டினார். பால் சுறா அந்த வகையைச் சேர்ந்தது. அந்த அக்கா எந்தப் புத்தகமும் படிக்காமல் தினமும் பார்த்துக்கொண்டிருந்த விஷயம் அது.

ஆணா பெண்ணா என்பதை எது தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு விடை 1905இல் வந்தது. அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி ஒரு வண்டின் விந்தணுக்களை ஆராய்ந்து, அதிலுள்ள குரோமோசோமே பாலினத்தை முடிவு செய்கிறது என்று கண்டார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சனும் தனியாக அந்த முடிவுக்கு வந்தார். மனிதரிலும் அப்படித்தான். கரு உருவாகும் கணத்திலேயே அது முடிந்துவிடுகிறது. அந்தக் கரு குழாயில் உருண்டு வந்து கருப்பையின் சுவரில் ஒட்டுவதற்கு இன்னும் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஒட்டிய இடத்தில்தான் நஞ்சுக்கொடி வளர்கிறது. முன்சுவரோ பின்சுவரோ, வலமோ இடமோ, முடிந்துபோன ஒரு விஷயத்தை அது எப்படிச் சொல்லும்?

*

நஞ்சுக்கொடிக்கு நம்மிடம் மரியாதை குறைவில்லை. மாடு கன்று போட்டால் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் ஊறும் என்று கணக்கு. மனிதருடையதை நாய் தோண்டாத ஆழத்தில் புதைப்பார்கள். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் அதற்கு "மாலை சுத்திப் பிறந்தது" என்று பெயர், தாய்மாமனுக்கு ஆகாது என்று பயம். அவன் முதலில் குழந்தையின் முகத்தை எண்ணெயில்தான் பார்க்க வேண்டும். ஆனால் இத்தனையும் கொடி வெளியே வந்த பிறகுதான். உள்ளே இருக்கும்போது அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்க யாருக்கும் வழியில்லை.

குழந்தை எப்படிக் கிடக்கிறது என்பது வேறு விஷயம். அது கைக்குத் தெரியும். ஆமணக்கெண்ணெய் தடவிய கையை வயிற்றில் வைத்தால் கெட்டியாக உருண்டையாக இருப்பது தலை, மெத்தென்றிருப்பது பிட்டம், பலகை மாதிரி நீண்டிருப்பது முதுகு. "தலை திரும்பிடுச்சு", "இன்னும் இறங்கல", "குறுக்க கிடக்குது" என்று மருத்துவச்சி சொன்னதெல்லாம் அந்தக் கையின் மொழி. சுஸ்ருதர் வழி அடைத்துக்கொள்ளும் சிசுவை நான்காகப் பிரித்தார். ஆணி போல ஏறிக்கொண்டது ஒன்று. குறுக்கே கிடப்பதற்கு அவர் வைத்த பெயர் பரிகம், அதாவது கதவுக்குக் குறுக்கே போடும் கணையமரம். வயிற்றின் மேல் நான்கு விதமாகக் கை வைத்துப் பார்க்கும் முறையை 1894இல் ஜெர்மனியில் லியோபோல்ட் வகுத்துக் கொடுத்தார். இன்றும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் செய்வது அதைத்தான்.

கை கிடைப்பதே பெரிய விஷயமாக இருந்த காலமும் உண்டு. செங்கல்பட்டிலிருந்து தெற்கே போனால் திண்டிவனம். 1890இல் அங்கே ஒரே இரவில் மூன்று கணவர்கள் ஒரு மிஷனரி மருத்துவரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவரை அல்ல, அவருடைய மகளை அழைத்தார்கள். பிரசவத்தில் தவிக்கும் மனைவியை ஆண் மருத்துவர் தொடக் கூடாது. மகளோ மருத்துவம் படிக்காதவர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த மகள்தான் ஐடா ஸ்கடர். அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, வேலூரில் 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியைத் தொடங்கியவர்.

கை கிடைத்தாலும் நஞ்சுக்கொடி கைக்குப் பிடிபடாது. பஞ்சு மாதிரி மெத்தென்று சுவரோடு சுவராக இருக்கும். அது மேலே ஒட்டியிருந்தால் கவலையில்லை. குழந்தை முதலில், கொடி பிறகு என்று வரிசையாக வரும். கீழே, கருப்பையின் வாயை மூடிக்கொண்டு ஒட்டியிருந்தால் வாய் திறக்கத் திறக்க அது பிய்யும். குழந்தைக்கு முன்னால் ரத்தம் வரும். சுமார் 200 பிரசவத்துக்கு ஒன்றில் இப்படி ஆகிறது. கொடி கீழே இருந்தால் தலை இறங்க இடமில்லாமல் குழந்தை குறுக்கே கிடப்பதும் உண்டு. ஆகவே "குறுக்க கிடக்குது" என்று கை சொன்னபோது, சில சமயம் தனக்குத் தெரியாத ஒன்றையும் சேர்த்தே அது சொல்லியிருக்கிறது.

1685இல் பிரான்சில் போர்ட்டல் என்ற மருத்துவர், கொடி வாயிலேயே ஒட்டியிருப்பதைப் பார்த்து எழுதினார். அதுவரை மேலிருந்து பிய்ந்து கீழே விழுந்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள். 1775இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ரிக்பி, இந்த ரத்தப்போக்கு தற்செயல் அல்ல, கொடி இருக்கும் இடத்தால் தவிர்க்கவே முடியாதது என்று பிரித்துக் காட்டினார். ஆனால் உறுதி செய்ய அவருக்கும் விரலைத் தவிர வேறு கருவி இல்லை. உள்ளே விட்ட விரலே கொடியைப் பிய்த்து ரத்தத்தைத் திறந்துவிடலாம். அதனால் பின்னாளில் அறுவை அரங்கில் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு, விரல் பட்டு ரத்தம் பீறிட்டால் அந்த நிமிடமே வயிற்றைத் திறந்துவிடலாம் என்ற ஏற்பாட்டோடுதான் சோதித்தார்கள். எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கே ஒரு உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி 1844இல் வந்தது. அதற்கும் பிறகு ஒரு நூற்றாண்டு வரை இதற்கு விடை இல்லை.

விடை ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், 1955இல் பெண்களின் வயிற்றிலிருந்து அகற்றிய கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு கொதிகலன் செய்யும் ஆலைக்குப் போனார். இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒலி அலைக் கருவி வைத்திருந்தார்கள். ஒலியை அனுப்பு, எதிரொலி திரும்பும் நேரத்தை அள, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மக்விகார் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வு 1958இல் லான்செட் இதழில் வெளியானது. அடுத்த பத்தாண்டுகளில் நஞ்சுக்கொடி இருக்கும் இடத்தைத் தாயைத் தொந்தரவு செய்யாமல் பார்க்க முடிந்தது. கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ யாரிடமும் இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய படகுகளில் மீன் கூட்டம் தேடும் கருவி வேலை செய்வதும் இப்படித்தான். படகுக்கு அடியில் மீன், வயிற்றுக்கு உள்ளே கொடி.

*

ஒரு தலைமுறைக்குள் அந்தக் கருவி நம் ஊருக்கு வந்தது. வந்ததும் நாம் அதனிடம் கேட்ட முதல் கேள்வி ஆணா பெண்ணா. உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்கொலை 1986இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. வெளியே வந்த பிறகு கொல்லப்பட்டது போய், உள்ளேயே தெரிந்துகொண்டு கலைப்பது பரவ, 1994இல் சட்டம் வந்தது. சொல்லாலோ சைகையாலோ வேறெந்த வழியிலோ பாலினத்தைத் தெரிவிக்கக் கூடாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்.

டாக்டர் வாயைத் திறக்க மாட்டார் என்று ஆனதும் காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தோம். பார்மெனிடிஸ் காலத்துக் கணக்கு இப்போது கைபேசியில் வீடியோவாக ஓடுகிறது. காகிதத்தில் பாலினம் இல்லை, ஆகவே இருக்கும் வரிகளில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். நஞ்சுக்கொடி இருக்கும் இடம் என்று ஒரு வரி இருக்கிறது. அதுபோதும். எந்த வரி அந்தப் பெண்ணின் உயிரைக் காப்பதற்காக அச்சிடப்பட்டதோ அந்த வரியை, அது சொல்லவே முடியாத ஒன்றுக்காகப் படிக்கிறோம்.

முன்பக்கமா என்று கேட்பதற்கும் ஒரு நியாயமான காரணம் உண்டு. முதல் பிரசவம் சிசேரியன் ஆனவர்களுக்கு, அந்தத் தழும்பின் மேலேயே கொடி கீழாக ஒட்டி, சுவருக்குள் வேர் பிடித்துவிடும் அபாயம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அப்படியானால் எத்தனை வீடுகளில் அந்தக் கேள்வியை உண்மையாகவே கேட்க வேண்டும்! யாரும் அதற்காகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

*

எட்டாம் மாதம் முடியும் நேரம். ராத்திரி ஒரு மணி இருக்கும், மாப்பிள்ளை போன் செய்தார். தங்கச்சிக்கு ரத்தம் படுகிறது. பின்னாலேயே அத்தையின் குரல் கேட்டது. "வலி ஒண்ணும் இல்லப்பா. வலி இல்லாம எப்படிப் பிரசவம் ஆவும்? சூட்டுக்கு இருக்கும். காலைல பாத்துக்கலாம்னு சொல்றேன்."

அத்தை மீது கோபப்பட முடியாது. சிசிலியா வான் ஹாலன் என்ற மானிடவியலாளர் 1990களில் சென்னையிலும், மாமல்லபுரம் சாலையில் உள்ள கானத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் தங்கி, பிரசவம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் வலி பற்றி நீண்ட பகுதி உண்டு. நம் பெண்கள் பிரசவ வலியைச் சக்தியாகப் பார்க்கிறார்கள், வலி கூடினால்தான் பிரசவம் நடக்கும் என்று வலி கூட்டும் ஊசியைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று. வலிதான் அறிகுறி. வலிதான் கடிகாரம். அந்தக் கடிகாரம் ஓடாதபோது ஒரு அம்மா காலை வரை காத்திருக்கலாம் என்றுதான் சொல்வார். கீழே இறங்கிய நஞ்சுக்கொடியின் குணமே வலி இல்லாத ரத்தம் என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

எனக்கு அப்போதுதான் பேனாக் கோடு ஞாபகம் வந்தது. "மாப்பிள்ளை, 108க்கு போடுங்க. காலை வரைக்கும் வேணாம். டாக்டர் சொன்னது இதத்தான்." ஆம்புலன்ஸ் மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. முப்பது கிலோமீட்டர் சாலை அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். கொடி இன்னும் கீழேயே, குழந்தை குறுக்கே. பெரும்பாலானவர்களுக்கு மாதம் ஆக ஆகக் கருப்பை விரிந்து கொடி மேலே போய்விடுமாம், இவளுக்குப் போகவில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, விடிவதற்குள் ஆபரேஷன். "இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்காமல் கை கழுவப் போய்விட்டார்.

பெண் குழந்தை. இரண்டு கிலோ சொச்சம். கழுத்தில் மாலையும் சுற்றியிருந்ததால் அத்தை எங்கிருந்தோ ஒரு கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்து நீட்டினார். பார்த்தேன். எண்ணெயில் டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முகம் அசைந்தது. அந்த நேரத்தில் எண்ணெயைப் பற்றி வாதம் செய்ய எனக்கு மனசில்லை.

"பின்பக்கம்னாதானே பையன்னு சொன்னீங்க அத்தை" என்று பிறகு ஒருநாள் சீண்டினேன். "மிசின்ல தப்பாப் போட்டுட்டான்" என்றார், மடியில் பேத்தியைப் போட்டுத் தட்டிக்கொண்டே.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண் ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தாள். கவரைப் பிரிக்கும்போது நானும் இருந்தேன். அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை என்னிடம் நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"மொதல்ல மேலயா கீழயான்னு பாரு தம்பி. அப்புறம் முன்பக்கமா பின்பக்கமான்னு சொல்லு."